கோல் அடிக்காத மாப்பிள்ளை

"மாலைதீவில இதுவரைக்கும் எத்தின கோல் அடிச்சீங்க தம்பி?" என்று கேட்டார் கல்யாணத் தரகர் மஹ்ரூப்.

கலீலுர் றஹ்மான் தேத்தண்ணிக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

"ஒண்டுமில்ல."

"இந்த வருசத்திலயா?"

"அங்க போன நாளிலேருந்து."

மஹ்ரூப் தொப்பியைக் கழற்றி வழுக்கையைத் தடவிக்கொண்டார். கிண்ணியாவிலிருந்து போய் வெளிநாட்டில் சம்பளத்துக்குப் பந்தடிக்கும் ஒரே ஆள் கலீல். மாலே பட்டினத்தில் மூன்று கழகம் மாறிவிட்டார். எந்தக் கழகமும் அவரைத் துரத்தவில்லை. எந்தக் கழகமும் அழுது பிடித்து வைக்கவும் இல்லை.

"அப்ப என்னத்துக்குச் சம்பளம் தாறானுகள்?"

"நான் நடுவில நிக்கிறவன். எதிராளிட்டப் பந்தப் பறிச்சு முன்னுக்கு நிக்கிறவனுக்குக் குடுப்பன். அவன் அடிப்பான்."

"பறிச்ச சாமானக் கையோட மத்தவனுக்குக் குடுக்கிற ஆளுக்கு, மரக்காலை முதலாளி மகளக் குடுப்பாரா?"

ஊரில் மரமும் பலகையும் விற்கும் மரக்காலை முதலாளி என்றால் அபூதாஹிர். மகள் என்றால் லைலா. ஒரு கல்யாண வீட்டில் சீப்பு வாழைப்பழத்தோடு எதிரே வந்த லைலாவைக் கண்ட நாளிலிருந்து, மாலேயில் கலீல் கொடுத்த பந்துகள் பாதி எதிராளிக்கே போய்ச் சேர்ந்தன. கிண்ணியா வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிபோக வேண்டும். அபூதாஹிர் மகளுக்கென்று ஓட்டு வீடு கட்டி, அலுமாரியும் வாங்கிப் போட்டு, ஆள் தேடிக்கொண்டிருந்தார். கலீலின் முழங்காலும் பந்தடி போதும் என்று சொல்லத் தொடங்கியிருந்தது. ஆனால் அந்தக் கதையை யாரும் கேட்கவில்லை. எல்லாரும் கேட்டது கோல் கணக்கைத்தான்.

"நீங்க வாயத் திறக்காதீங்க. நான் பாத்துக்கிறன்" என்று மஹ்ரூப் குடையை எடுத்தார்.

மறுநாள் அவர் திரும்பி வந்தபோது குடை அக்குளில், முகம் கவலையில்.

"முதலாளிட்ட நாப்பது கோல் எண்டு சொன்னன்."

"நாப்பதா!"

"குறைச்சலாச் சொன்னா மதிப்பில்லையே. இன்னும் அஞ்சு வருசத்துக்கு உங்கள விடமாட்டம் எண்டு மாலைதீவுக்காரனுகள் காலப் புடிச்சு நிக்கிறானுகள் எண்டும் சொன்னன். மனிசன்ட முகம் கறுத்துப் போச்சு. நம்பல்ல போல. வெள்ளிக்கிழமை டவுண் டீமோட நடக்கிற மெச்சுக்குக் கதிரையோட வாறாராம். ஒரு கோல் அடிச்சிருங்க தம்பி. ஒண்டே ஒண்டு."

கலீல் நேரே கிண்ணியா அணித் தலைவர் அஸீமிடம் போனார். "இந்த ஒரு ஆட்டம் என்ன முன்னுக்குப் போடு."

அஸீம் போட்டார். அதனால் வழக்கமாக முன்னுக்கு ஆடும் பக்கீர் கோபித்துக்கொண்டு, "வெளிநாட்டுக்காரரே எல்லாத்தையும் அடிக்கட்டும். நான் வெளிய பாக்கு மெண்டுக்கிட்டு நிக்கிறன்" என்று விலகிக்கொண்டார்.

இது போதாதென்று கலீல் இறங்குதுறையில் வள்ளம் ஏறி, அக்கரையில் பஸ் பிடித்து, டவுணுக்குப் போனார். டவுண் அணியின் கோல் காப்பாளர் வின்சன்ட் அவருடைய பழைய கூட்டாளி. துறைமுகத்தில் வேலை.

"மச்சான், ஒண்ட விட்டுத் தா. என்ர வாழ்க்கை."

வின்சன்ட் நெடுநேரம் காதைக் குடைந்தார். "மாதா கோவிச்சுக்கொள்ளுவா. சரி, பெனால்டி கிடைச்சா வலப்பக்கம் அடி. நான் இடப்பக்கம் பாயிறன்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் மைதானம் நிறைந்திருந்தது. அபூதாஹிர் கோட்டோரமாகக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். பந்து முன்னுக்கு வரவே இல்லை. நடுவிலிருந்து அதை முன்னுக்குக் கொண்டுவர வேண்டியவர் கலீல்; அந்தக் கலீலோ முன்னுக்கு நின்று கலீலைத் தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன வெளிநாட்டுக்காரரே, பஸ்ஸுக்கா நிக்கிறீங்க?" என்று கோட்டோரத்திலிருந்து பக்கீர் கத்தினார்.

பந்து ஒருமுறை தப்பித் தவறி வந்தது. வின்சன்ட் வழுக்கி விழுந்து கிடந்தார். எதிரே வெறும் கோல். லைலாவும் ஓட்டு வீடும் அலுமாரியும் அந்த இரண்டு கம்பத்துக்கும் நடுவில்தான் இருந்தன. ஆனால் இத்தனை வருசமும் சம்பளம் வாங்கிய கால் எசமானைக் கேட்கவில்லை. பக்கத்தில் ஓடிவந்த அஸீமுக்குப் பந்தை அழகாகத் தட்டிவிட்டது. இதைக் கனவிலும் நினைக்காத அஸீம் பந்தின் மேலேயே குப்புற விழுந்தார்.

அபூதாஹிர் எழுந்து கைதட்டினார்.

"நக்கல் பண்றாரே!" என்று மஹ்ரூப் தலையில் கைவைத்தார்.

கடைசியில், டவுண்காரன் ஒருவனின் கையில் பந்து பட்டது. பெனால்டி. கலீல் பிஸ்மி சொல்லி வலப்பக்கம் அடித்தார். வின்சன்ட் அதே வலப்பக்கம் பருந்துபோலப் பாய்ந்து, பந்தைப் பிடித்து, பெற்ற பிள்ளையைப்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிடந்தார்.

கிண்ணியா மூன்று கோலால் தோற்றது. கலீல் தலைகுனிந்து வெளியே வந்தபோது, எதிரே அபூதாஹிர் நின்றார்.

"நாப்பது கோல் எண்டு தரகர் சொன்னது?"

"பொய் மாமா. ஒண்டும் அடிச்சதில்ல."

"ஒண்டும்?"

"ஒண்டும்."

அபூதாஹிர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "நோன்புக்கு முந்தி நிக்காஹ்வ முடிப்பம் மருமகன்! உங்கட ஆட்டம் எனக்கு நல்லாப் புடிச்சிரிக்கு."

மஹ்ரூபின் குடை கைநழுவி விழுந்தது. கலீலுக்குச் சந்தோசத்தில் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. ஒரு கோபம் மட்டும் மிச்சமிருந்தது. வின்சன்டைத் தேடிப் போய்ச் சட்டையைப் பிடித்தார்.

"துரோகி! இடப்பக்கம் பாயிறன் எண்டு சொன்னனீயே?"

வின்சன்ட் வாய்நிறையச் சிரித்தார்.

"சொன்னனான்தான் மச்சான். ஆனா நீ போன கையோட லைலா வந்து என்ர மனிசியிட்ட அழுதவ: 'அவர் ஒரு கோல் அடிச்சாலும், மாப்பிள்ளைய மாலைதீவுக்காரன் விடமாட்டான், கட்டின வீடு பூட்டித்தான் கிடக்கும் எண்டு வாப்பா சம்பந்தத்த முறிச்சிருவார், எப்பிடியாவது பந்தப் புடிக்கச் சொல்லுங்க' எண்டு!"