மூன்று புள்ளி அத்தானும் ஆறு புள்ளி றெஜினாவும்

எங்கள் ஆட்கள் பயந்தவர்கள் இல்லை. கடல் கடந்து வந்தவர்கள், மைனஸ் முப்பதில் பஸ்ஸுக்கு நின்று பழகியவர்கள். ஆனால் வயதில் மூத்த ஒருவரின் முகத்துக்கு நேரே "உங்களுக்கு விளையாட்டு வராது" என்று சொல்லச் சொல்லிப் பாருங்கள். அத்தனை பேருக்கும் திடீரென்று கோப்பி ஊற்றும் வேலை வந்துவிடும். இந்த ஒரு மரியாதையால்தான் மொன்றியலின் மிகச் சிறந்த இடது விங் ஆட்டக்காரியை நாங்கள் இழக்கப் பார்த்தோம். (மொன்றியலில் உள்ள எல்லாரையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாயா என்று கேட்காதீர்கள். பார்த்தாலும் இதையேதான் சொல்லுவேன்.)

பெரிய ஹொக்கி லீக்கில் சம்பள உச்சவரம்பு வந்த காலம் அது. எந்தக் கழகமும் குறித்த தொகைக்கு மேல் சம்பளம் கொடுக்கக்கூடாது. நட்சத்திரத்தை வைத்திருக்க வேண்டுமென்றால் வேறு யாரையாவது விட வேண்டும். மெட்றோவிலும் கடையிலும் இதே கதைதான். எங்கள் தமிழ்ப் பந்து ஹொக்கிச் சங்கம் மட்டும் சும்மா இருக்குமா? ஐஸ் இல்லாத கோடைகால அரங்கில், சப்பாத்தோடு ஓடி, செம்மஞ்சள் பந்தை மட்டையால் அடிக்கிற ஆட்டம் எங்களுடையது. சம்பளம் என்று நாங்கள் கொடுத்தது ஆட்டம் முடிய ஒரு மட்டன் ரோல்ஸும் ஒரு டின் சோடாவும். அதற்கும் ஒரு உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவருக்கும் திறமைக்கு ஏற்பப் புள்ளி, மிஞ்சினால் ஆறு. ஒரு அணியின் மொத்தம் நாற்பதைத் தாண்டக்கூடாது.

புள்ளி போடுகிறவர் சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற கணக்கு மாஸ்டர். நேர்மையான மனிதர்தான். ஆனால் அவருக்கும் நம் ஊர் வியாதி இருந்தது. பெருநாள் சமையலுக்கு முன்னின்று அண்டா தூக்குகிறவருக்கு எப்படி ஒரு புள்ளி போடுவது? அவமானம் இல்லையா? ஆகவே தலை நரைத்த எவருக்கும் குறைந்தது மூன்று. எங்கள் செயின்ட்-மிஷேல் அணியில் தலை நரைத்தவர்களுக்குப் பஞ்சமில்லை. அதில் முதலாவது ஆள் எங்கள் கோலி, அதாவது கோல் காக்கிறவர், என் அத்தான்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். கனடாவில் நான் வந்து இறங்கிய நாளிலிருந்து அவருடைய வீட்டின் நிலக்கீழ் அறையில்தான் என் படுக்கை, மேல்மாடியில்தான் என் சாப்பாடு. அணிக்கு வான் ஓட்டுகிறவரும், உடுப்பு வாங்கித் தருகிறவரும் அவரே. வயது ஐம்பது, முழங்கால் சரியில்லை, தொந்தி கொஞ்சம் முன்னால் வரும். அணியின் மனேஜர் நான். பின்களத்தில் தூணாக நிற்கிற ஆட்டக்காரனும் நான்தான். (தூண் என்பது என் சொந்த அபிப்பிராயம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.)

இனி றெஜினா. மன்னார்க்காரரின் மகள், இங்கேயே வளர்ந்தவள், ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறவள். முழுச் சங்கத்திலும் அவள் ஒருத்திதான் பெண். பந்து அவளுடைய மட்டைக்கு வந்தால் அரங்கில் சத்தம் அடங்கிவிடும். வலது பக்கம் பார்த்துக்கொண்டு இடது பக்கம் போவாள். அவளைத் தடுக்க வந்த இரண்டு பேர் ஒருவரோடொருவர் மோதி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பந்து வலைக்குள் கிடக்கும். அதற்குப் பிறகு துள்ளிக் குதிக்கவும் மாட்டாள். அரங்கின் மறுமுனை வரை ஓடிவந்து, அத்தானின் கால் கவசத்தை மட்டையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போவாள். அவள் விளையாடுவதைப் பார்ப்பதற்காகவே எதிரணிக்காரர்கள் தங்கள் மனைவிமாரைக் கூட்டிவந்தார்கள் என்றால் பாருங்களேன்.

புதிய சீசனுக்குப் புள்ளி போட்டபோது மாஸ்டர் அவளை நான்கிலிருந்து ஆறுக்கு ஏற்றினார். நியாயம்தான். ஆனால் எங்கள் மொத்தம் நாற்பத்திரண்டாகிவிட்டது. இரண்டு புள்ளியைக் குறைக்காவிட்டால் றெஜினா எங்களுக்கு இல்லை. புரோசார்ட் அணியில் இடம் இருந்தது. அவர்களுடைய மனேஜர் என்னைக் கண்டபோதெல்லாம் செத்தவீட்டுக்கு வந்தவர் மாதிரிக் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்.

நான் அவளுடைய கார்டெரி வாசலுக்கே போனேன். ஒரு பிள்ளைக்கு ஜக்கெட் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"பொன்ஜூர் அண்ணா. புள்ளிப் பிரச்சினையோ?"

"ஓம் பிள்ளை. நீ எங்களோட நிப்பியோ?"

"நிப்பன். ஆனா அங்கிள் கோலுக்க நிக்கோணும். அவரை விட்டுட்டு என்னை வைச்சிருக்கிறதெண்டா எனக்கு வேண்டாம்."

"ஏன் அப்பிடி?"

"பதினாறு வயசில நான் மட்டையோட வந்து நிக்கேக்க எல்லாரும் 'பொம்பிளைப் பிள்ளையோ' எண்டு கேட்டவை. அங்கிள் மட்டும்தான் 'இடதோ வலதோ' எண்டு கேட்டவர்."

அத்தானை நீக்கவும் முடியாது, றெஜினாவை விடவும் முடியாது. மற்ற நரைத்தவர்களின் புள்ளியில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை. ஒரே வழி, அத்தானின் மூன்று புள்ளியை ஒன்றாக்குவது. அதாவது, நான் யாருடைய சோற்றைத் தின்கிறேனோ அவர் ஒரு மோசமான கோலி என்று சபையில் எழுந்து நிரூபிப்பது. இதைவிட நல்ல யோசனை ஒன்று என்னிடம் இருக்கவில்லை. அதைவிட ஆச்சரியம், இது நல்ல யோசனை என்றே நான் நம்பியது.

ஆதாரத்துக்கும் குறைவில்லை. அக்கா ஒவ்வொரு ஆட்டத்தையும் வீடியோ எடுத்தவள்.

"அக்கா, புரோசார்ட்டோட விளையாடின மட்ச்சின்ர கசெற்றைத் தாங்கோ. றெஜினாவின்ர திறமையை மாஸ்டருக்குக் காட்டப்போறன்."

"கொண்டு போ. நல்ல கிளியரா எடுத்திருக்கிறன்" என்றாள் அக்கா. பிறகு, "நானும் வாறன்" என்றாள். அப்போதாவது நான் விழித்திருக்க வேண்டும். அந்தக் கசெற்றை ஒரு தடவையாவது போட்டுப் பார்த்திருக்க வேண்டும். மனேஜர் அல்லவா, நேரம் கிடைக்கவில்லை!

ஞாயிறு பூசை முடிந்து தேவாலயப் பங்கு மண்டபத்தில் கூட்டம். முன் வரிசையில் அத்தான், பக்கத்தில் சேலையோடு அக்கா. பின்னால் றெஜினா. புரோசார்ட் மனேஜர் றெஜினாவை வரவேற்கக் கையில் கேக்கோடு. நான் எழுந்து தொண்டையைச் செருமினேன்.

"மாஸ்டர், எங்கட கோலிக்கு நீங்கள் போட்ட புள்ளி மரியாதைக்குப் போட்டது. விளையாட்டுக்குப் போட்டதில்லை. அவருக்கு ஒண்டுதான் தகும். ஆதாரம் கொண்டு வந்திருக்கிறன்."

மண்டபத்தில் அத்தனை பேருக்கும் கோப்பி ஊற்றும் வேலை வந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை. அத்தான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, "போடு தம்பி, பாப்பம்" என்றார்.

போட்டேன்.

திரையில் முதலில் வந்தது நான். அக்காவின் குரல் மண்டபம் முழுவதும் கேட்டது: "அம்மா, இந்தா தம்பி. பாத்தீங்களோ, மெலிஞ்சு போனான்." அந்தக் கசெற் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்புவதற்காக எடுத்தது! அக்காவின் கமரா பந்தைப் பார்க்கவில்லை, றெஜினாவைப் பார்க்கவில்லை, கோலியைப் பார்க்கவில்லை. ஆட்டம் முழுவதும் பாசத்தோடு என்னை மட்டுமே துரத்தியது. றெஜினா அடித்த கோல்களெல்லாம் வெறும் ஆரவாரமாகக் கேட்டன. படத்தில் நான் குனிந்து சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, தம்பி ஓடுறான்... ஐயோ விழுந்திட்டான்... எழும்பிட்டான், ஒண்டுமில்லை அம்மா."

பிறகு நாங்கள் வாங்கிய கோல்கள் வந்தன. முதலாவதில் நான் பின்பக்கமாகவே நடந்துபோய் அத்தானின் முகத்துக்கு முன்னால் நிற்கிறேன். "தம்பி, தள்ளு! பந்து தெரியேல்லை!" என்று அத்தான் கத்துகிறார். (அன்றைக்கு அவர் என்னை உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்திருந்தேன்.) பந்து என் பின்புறத்தில் பட்டு உள்ளே போகிறது. இரண்டாவதும் அப்படியே, புறம் மட்டும் வேறு. மூன்றாவது போகும்போது எதிரணியில் தெரிந்த ஒருவருக்கு நான் கை காட்டிக்கொண்டிருக்கிறேன்.

"வடிவா நிக்கிறான், என்னம்மா?" என்றது அக்காவின் குரல்.

மாஸ்டர் டிவியை நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி, உமக்கு எத்தினை புள்ளி?"

"ரெண்டு மாஸ்டர்."

"ஆர் போட்டது?"

"நீங்கள்தான்."

"கோலியின்ர மச்சான் எண்டு யோசிச்சுப் போட்டிட்டன்" என்றார் அந்த நேர்மையான மனிதர்.

பின்னாலிருந்து றெஜினாவின் குரல் வந்தது. "மாஸ்டர், சைபர் குடுக்கேலாதோ?"

மாஸ்டர் யோசித்தார். "ஆறுக்கு மேல போடக்கூடாது எண்டுதான் இருக்கு. கீழ எவ்வளவு எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

"நான் வழிமொழியிறன்" என்றார் அத்தான், கட்டிய கையை அவிழ்க்காமலே.

புரோசார்ட் மனேஜரிடம் ஆட்சேபணை உண்டா என்று கேட்டார் மாஸ்டர். அந்த மனிதர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "படம் பாத்தனாங்கள்தானே மாஸ்டர். மனச்சாட்சி எண்டு ஒண்டு இருக்கு." நாற்பத்திரண்டு நாற்பதாகியது. றெஜினா எங்களுக்கு. சங்கத்தின் முதலாவது சைபர் நான்.

வீட்டுக்கு அத்தான்தான் வான் ஓட்டினார். வாசலில் நிறுத்திவிட்டு அத்தான் திரும்பினார். "தம்பி, உன்ர றூம் திறப்பை எடு." சரி, என் படுக்கை றோட்டுக்கு வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டே சாவியை நீட்டினேன். "உன்ர அக்கா எங்கட திறப்பை உள்ளுக்க வைச்சுப் பூட்டிப்போட்டாள். கீழாலதான் போகோணும்" என்றார். இறங்கும்போதுதான் தோளில் கை வைத்தார்.

"எனக்கு ஒண்டு எண்டு சொன்னியே, அதுக்கு ஒரு துணிச்சல் வேணும். றெஜினாவுக்காகத்தானே சொன்னனீ. பரவாயில்லை. ஆனா பந்து தெரிஞ்சிருந்தா நான் பிடிச்சிருப்பன்."

எனக்கு அழுகை வந்தது, சொல்லிவிடுகிறேன். அந்த சீசன் முழுவதும் நான் வாங்கில் உட்கார்ந்து தண்ணீர்ப் போத்தல் நிரப்பினேன். என் முதுகு முன்னால் இல்லாததால் அத்தானுக்குப் பந்து தெரிந்தது. தெரிந்த பந்தையெல்லாம் பிடித்தார். பிடித்த கையோடு இடது பக்கம் தட்டிவிடுவார், அங்கே றெஜினா நிற்பாள். மிச்சத்தை எதிரணியின் கோலியிடம்தான் கேட்க வேண்டும். அடுத்த சீசனுக்கு மாஸ்டர் அத்தானுக்கு நான்கு புள்ளி போட்டார். இந்த முறை அண்டா தூக்கியதற்காக இல்லை.

றெஜினா இப்போது சின்னப் பெண்பிள்ளைகளுக்கு ஹொக்கி பழக்குகிறாள். புதிதாக மட்டையோடு வருகிற எவளிடமும் அவள் முதலில் கேட்பது, இடதோ வலதோ என்றுதான். அவர்களுடைய ஆட்டம் பார்க்க லொங்கேய் நகருக்கு நாங்கள் குடும்பமாகப் போவோம். வானில் ஏழு பேருக்குத்தான் இடம், நாங்கள் எப்போதும் எட்டுப் பேர். யாரை விட்டுவிட்டுப் போவது என்று, பின்னாளில் நான் கட்டிய என் மனைவி தயங்குவாள்.

"எண்ணிப் பார் பிள்ளை, ஏழு பேர்தான்" என்பார் அத்தான், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. "உவன் சைபர்தானே!"

நானும் ரோல்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பின்னால் ஹொக்கிப் பைகளோடு ஏறிக்கொள்வேன்.