வயலின் கேட்டும் கிளம்பிவிட்டாள்

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எண்ணிப் பார்த்தால் ஒரு ஆள் குறைகிறது. அந்த ஆள், அதாவது உங்கள் தங்கை, உங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அவள் சுகமா என்று நீங்கள்தான் எழுத வேண்டும்.

நடந்தது இதுதான். முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளக் கூடாது என்றதற்கு என் மகள், உங்கள் மருமகள், பதினாறு வயது, "எங்கேயாவது போயிடறேன்" என்றாள். பயந்துபோய் ஆபீஸ் கணக்கரிடம் சொன்னேன். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஒரு ஸ்டுடியோ அந்தக் காலத்தில் எடுத்த படம் இருக்கிறது, ஓடிப்போகிற இரண்டு சின்னஞ்சிறுசுகள் சீரழிந்து திரும்பி வந்து அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கும், ஞாயிற்றுக்கிழமை நூலக ஹாலில் போடுகிறார்கள், கூட்டிப் போங்கள் என்றார். மூவரும் போனோம். பள்ளிக்கூடப் பையனாக வந்த நடிகருக்குத் தொப்பையும் முன்வழுக்கையும். "அப்பா, இவர் ஓடிப்போறாரா, ரிடையர் ஆகிப் போறாரா?" என்று மகள் உரக்கக் கேட்டாள். ஹாலே சிரித்தது. பிறகு அவரோடு ஓடிவந்த பெண் லாட்ஜ் அறையில் தனியாக உட்கார்ந்து காய்ந்த ரொட்டியைத் தின்கிற காட்சி. நாம் அழுவதற்காக வயலின் வைத்திருக்கிறார்கள். உங்க தங்கச்சி என் கையைப் புடிச்சு, "எவ்வளவு நிம்மதியா சாப்பிடறா பாருங்க. நடுவுல யாரும் தண்ணி கேக்கல" என்கிறாள். "அடியே, அது கஷ்டம்! வயலின் கேக்கலையா?" "கேக்குதே. அதுவும் நல்லாத்தான் இருக்கு."

மறுநாள் காலையில் உங்க தங்கச்சி பையோடு நிக்கறா. "அண்ணன் வீட்டுக்குப் போறேன். எப்ப வருவேன்னு தெரியல." யாரைக் கேட்டுப் போறேன்னு சத்தம் போட்டேன். "படத்துல அந்த அப்பாவும் இதேதான்பா கத்தினாரு" என்றாள் மகள். மச்சான், அந்தப் படத்தை யாருக்காக எடுத்தாங்க? ஓட நினைச்சவ சிரிக்கிறா, நினைக்காதவ ஓடிட்டா. படத்தில் அந்த அப்பா வாசலில் நிற்கிற இடத்தில் அழுதது நான் ஒருத்தன்தான்.

எதுவானாலும் நான் வந்து கூப்பிடப் போவதில்லை. இங்கே ஒரு குறையும் இல்லை. அவளாக வரட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: நாளைக் காலை பஸ்ஸில் மகளும் நானும் வருகிறோம். அவள் அம்மாவிடம் எப்படிப் பேச வேண்டும் என்று மகள் எனக்குச் சொல்லித்தருகிறாள், இன்னும் சரியாக வரவில்லை. ஸ்டாம்ப் ஒட்டிவிட்டதால் இதையும் பெட்டியில் போடுகிறேன். எங்களுக்குப் பிறகுதான் வந்து சேரும். உங்கள் தங்கை கண்ணில் படாமல் கிழித்துவிடுங்கள்.