பத்தொன்பதாம் பக்கத்தின்படி நான் யார்?

அன்பும் மரியாதையும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதும் மடல். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். என் இடது கண் சௌக்கியத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே தாங்களும் தங்கள் வீட்டம்மாவும் தங்கள் வலது முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள் என்று தனித்தனியாக எழுதவும்.

கையெழுத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். எனக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து இன்று நான்காம் நாள். ஒரு வாரத்துக்குப் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, குனியக் கூடாது என்று மருத்துவர் உத்தரவு. அதனால் நான் சொல்லச் சொல்ல உங்கள் தங்கை எழுதுகிறாள். எழுத்து அவளுடையது, வாசகம் முழுக்க என்னுடையது. தன்னைப் பற்றிய இடங்களில் அவள் கை மெதுவாகப் போனால் போகட்டும், ஆனால் ஒரு சொல்லும் விட்டுப்போகக் கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கிறேன். உங்களிடம் எனக்கு இருப்பது ஒரே ஒரு கேள்விதான். அதை முதலிலேயே கேட்டால் உங்களுக்கு ரத்த அழுத்தம் ஏறும் என்பதால் கடைசியில் கேட்கிறேன்.

என் வலது கண் சின்ன வயதிலேயே பந்து பட்டு மங்கியது என்பது உங்களுக்குத் தெரியும். முப்பத்தைந்து வருடம் எடை அளவு ஆய்வாளராகக் கடை கடையாக ஏறி, தராசு முள்ளையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை வைத்ததெல்லாம் இடது கண் ஒன்றை வைத்துத்தான். அதிலும் இரண்டு வருடமாகப் புகை மூட்டம். முதலில் விளக்கில்தான் கோளாறு என்று மூன்று பல்பு மாற்றினேன். பிறகு செய்தித்தாளில் மை மட்டமாகிவிட்டது என்று அந்த ஆபீசுக்குப் புகார் எழுதினேன், அவர்களும் மரியாதையாக மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டார்கள். அப்புறம் ஒருநாள் மாடிப்படியில் எதிர்வீட்டுக்காரர் நிற்கிறார் என்று நினைத்து அவருடைய மழைக்கோட்டிடம் கால் மணி நேரம் பென்ஷன் விஷயம் பேசினேன். அது என்னை மறுத்தே பேசவில்லை, எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது. கடைசியில் பல் துலக்கும் பிரஷ்ஷில் உங்கள் தங்கையின் முழங்கால் களிம்பைப் பிதுக்கியதற்குப் பிறகுதான், அவள் என்னைக் கையைப் பிடித்து அரசாங்கக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மருத்துவர் பார்த்துவிட்டு, புரை கல்லாக இறுகிக்கொண்டு வருகிறது, இரண்டு மாதத்துக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம், உங்களுக்கு இருப்பது இந்த ஒரு கண்தான் என்றார். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிற வசதி எனக்கு இல்லை. முதியோர் அரசுக் காப்பீட்டில் சேர்ந்திருக்கிறீர்களா என்று கேட்டு, எழுபத்திரண்டு பக்கத்தில் ஒரு விளக்கப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்.

எந்தப் புத்தகத்தையும் நான் பின்னாலிருந்து முன்னால் படிக்கிறவன் என்பதை நீங்கள் கேலி செய்திருக்கிறீர்கள். அது தொழிலில் வந்த பழக்கம். கடைக்குள் நுழைந்தால் பெரிய எடைக்கல்லை ஆய்வாளன் தொடவே மாட்டான்; அதைக் கடைக்காரன் பளபளவென்று துடைத்து முன்னால் வைத்திருப்பான். ஆகச் சின்ன கல்லில்தான் குட்டு வெளிப்படும். புத்தகமும் அப்படித்தான். சொல்ல ஆசைப்படுவதை முதல் பக்கத்தில் போடுவார்கள், சொல்லப் பயப்படுவதைக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போடுவார்கள். தலைப்புகளை நான் படிப்பதே இல்லை, அதெல்லாம் கடையின் பெயர்ப்பலகை மாதிரி. ஆகவே ஆபீஸில் பயன்படுத்திய பூதக்கண்ணாடியை எடுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, எழுபத்திரண்டாம் பக்கத்தின் கடைசி வரியிலிருந்து ஆரம்பித்தேன்.

மைத்துனரே, நான் வாழ்க்கையில் இத்தனை ஆவலோடு எதையும் படித்ததில்லை. ஒவ்வொரு வரியும் பத்துக் கேள்வி கேட்க வைத்தது. விபத்தில் பல் உடைந்தால் கட்டித் தருவார்களாம், தானாக விழுந்தால் கிடையாதாம். கடினமான முறுக்கு ஒன்றைக் கடித்து உடைந்தால் அது விபத்தா, சொந்த முடிவா? காது கேட்கிறதா என்று சோதிக்க முழுச் செலவும் உண்டு. கேட்கவில்லை என்று தெரிந்தபிறகு கருவிக்குப் பாதிதான். ஆஸ்பத்திரிக்குப் போக ஆம்புலன்ஸ் உண்டு, திரும்பி வர இல்லை. இதை எழுதியவர் எங்களைப் பற்றி என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று இரண்டு நாள் யோசித்தேன். ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்கும் சேர்ந்த நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு என்ற வரியைப் பார்த்ததும், அப்படியானால் முதுமையையே ஏற்கெனவே இருக்கிற நோயாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா என்று ஓரத்தில் பென்சிலால் குறித்தேன். இப்படிக் குறித்தே புத்தகம் கறுத்துப்போயிற்று. உங்கள் தங்கை வந்து, "கண்ணுக்கு உண்டா இல்லையா, அதை மட்டும் பாருங்க"ன்னு தினமும் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போவாள். வரிசை தப்பிப் பார்ப்பது ஆய்வு ஆகாது என்று நானும் தினமும் ஒரு தடவை பதில் சொன்னேன்.

ஐம்பத்து மூன்றாம் பக்கத்தில் கண்புரைக்கு முழுப் பாதுகாப்பு உண்டு என்று கண்டேன். குதூகலம் தாங்கவில்லை. நாற்பத்தோராம் பக்கத்தில் இடி விழுந்தது. 'எழுபது வயது நிறைந்தவர்களுக்கு மட்டும்' என்று ஒரு வரி. எனக்கு அறுபத்தொன்பது முடிந்து ஒரு மாதம். இன்னும் பதினொரு மாதம் காத்திருக்க வேண்டும், மருத்துவர் கொடுத்ததோ இரண்டு மாதம். அன்றிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. பயம்தான், வேறென்ன? குருடனாகி, சுவரைத் தடவிக்கொண்டு, யாராவது பேப்பர் படித்துக் காட்டுவார்களா என்று காத்துக் கிடக்கிற கிழவனாக என்னை நானே பார்த்துவிட்டேன்.

இருந்தாலும் எடுத்த ஆய்வை முடிக்க வேண்டுமே என்று தொடர்ந்தேன். அதிலிருந்து நான்காம் நாள் பத்தொன்பதாம் பக்கம், மூன்றாவது பத்தி: 'உறுப்பினரைச் சார்ந்து வாழும் வாழ்க்கைத் துணைக்கு வயது வரம்பு பொருந்தாது.' இதைச் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தேன். பாரு, கணவனைவிட மனைவி மூத்தவளாக இருக்கிற வீட்டுக்கும் அரசாங்கம் வழி வைத்திருக்கிறது, நமக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை என்றேன். துணி மடித்துக்கொண்டிருந்த உங்கள் தங்கை எழுந்து உள்ளே போனாள். இரும்புப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பழுப்பேறிய ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். அவளுடைய பிறப்புச் சான்றிதழ். நான்கு தடவை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஐந்தாம் தடவையும் படித்தேன்.

"எழுபது முடிஞ்சு மூணு மாசம் ஆச்சுங்க. இப்பவாவது சாப்பிட வர்றீங்களா?" என்றாள்.

நாற்பத்து நான்கு வருடம், மைத்துனரே! கல்யாணப் பேச்சு நடந்தபோது என் தங்கை மாப்பிள்ளையைவிட மூன்று வயது சின்னவள் என்று நீங்கள் உங்கள் வாயால் சொன்னீர்கள். அதை நம்பித்தான் இந்த வீட்டில் எந்த விவாதம் வந்தாலும் "மூத்தவன் சொல்றேன், கேளு" என்று சொல்லி முடித்திருக்கிறேன். எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று அவளிடமே கேட்டேன், எண்ணவில்லை என்கிறாள். என்னைவிடப் பதினான்கு மாதம் மூத்தவளைப் பார்த்து, உனக்கு இன்னும் உலகம் தெரியாது என்று போன வாரம்கூடச் சொன்னேன். ஊரார் தராசில் அரைக்கால் கிராம் குறைந்தால் கண்டுபிடித்தவன், சொந்த வீட்டில் நாலு வருடத்துக்கு மேல் குறைவாக நிறுத்துக் கொடுக்கப்பட்டதைக் கவனிக்கவில்லை. (இந்த இடத்தில் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். மறுபடி எடுக்கச் சொன்னேன்.) ஆனால் ஒன்று சொல்லத்தான் வேண்டும். நாற்பத்து நான்கு வருடம் மூடி வைத்ததை என் ஒரு கண்ணுக்காக எடுத்து மேஜைமேல் வைத்தாளே, அதை நினைத்தால் எனக்குக் கோபமே வரவில்லை.

மறுநாள் காலை காப்பீட்டு அலுவலகம் போனோம். மூன்றாம் ஜன்னலில் ஒரு அம்மாள். நான் வழியெல்லாம் பேருந்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போயிருந்தேன்.

"உங்களுக்கு என்ன வயசுங்க ஐயா?"

"அறுபத்தொன்பது. எழுபதுக்கு இன்னும் பதினொரு மாசம் இருக்கு."

"அப்படின்னா நீங்களே..."

"தெரியும்மா, எனக்குத் தகுதி இல்லை. அதைச் சொல்ல நீங்க சங்கடப்பட வேண்டாம். இவங்களுக்கு இருக்கு. நான் இவங்களைச் சார்ந்து வாழறவன். பத்தொன்பதாம் பக்கம், மூணாவது பத்தி."

அந்த அம்மாள் அசந்துபோய்விட்டாள். புத்தகத்தை இவ்வளவு கரைத்துக் குடித்தவனை அவள் பார்த்திருக்க மாட்டாள். உங்கள் தங்கை ஜன்னலருகே குனிந்து ஏதோ கேட்டாள், அவள் ஏதோ சொன்னாள், இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் சிரித்த மாதிரி இருந்தது. பெண்களுக்குள் ஆயிரம் இருக்கும் என்று நான் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உங்கள் தங்கை ஒரு பச்சைப் படிவமும் ஒரு வெள்ளைப் படிவமும் கொண்டுவந்தாள். பச்சையில் அவள் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வெள்ளைதான் சார்ந்து வாழ்பவருக்கானது. அதில் 'உறுப்பினரை எந்த வகையில் சார்ந்திருக்கிறீர்கள், விவரமாக எழுதுக' என்று கேட்டு நான்கு கோடு போட்டிருந்தார்கள்.

இது முக்கியமான கேள்வி அல்லவா? பொய் எழுதினால் விண்ணப்பம் தள்ளுபடி என்று கீழேயே இருந்தது. யோசித்து, பெரிய பெரிய எழுத்தில் தடவித் தடவி எழுதினேன். முதல் கோட்டில் சாப்பாடு. இரண்டாவதில் கண்ணுக்குச் சொட்டு மருந்து. அப்புறம் சட்டைப் பொத்தானை ஒரு துளை மாற்றிப் போட்டிருக்கிறேனா என்று பார்ப்பது, சாவி எங்கே என்பது, படி இறங்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு கை, மழைக்கோட்டு எது மனுஷன் எது என்று சொல்வது, நான் தப்பாகச் சொன்ன கதையைப் பிறர் முன்னால் திருத்தாமல் வீட்டுக்கு வந்து திருத்துவது. நான்கு கோடு போதவில்லை, பின்பக்கமும் எழுதினேன். எழுதி முடித்ததும் ஒரு சந்தேகம் வந்தது. இவளைச் சாராமல் நான் தனியாகச் செய்கிற காரியம் என்று ஏதாவது உண்டா? வெகு நேரம் யோசித்தேன். குறட்டை ஒன்றுதான் தோன்றியது.

ஒன்பதாம் நாள் அனுமதி வந்தது, பதினாறாம் நாள் ஆபரேஷன், மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். முதலில் சுவர்க்கடிகாரத்தில் நிமிஷக் கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தன. எண்ணிப் பார்த்தேன், அறுபதும் சரியாக இருந்தன. பிறகு அவளைப் பார்த்தேன். தலை முழுக்க வெள்ளை. கண்ணோரத்தில் அத்தனை சுருக்கம். இரண்டு வருடமாக அவள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை, பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. "என்ன அப்படிப் பார்க்கறீங்க?" என்றாள். மூத்தவங்களைப் பார்க்கிறேன் என்றேன்.

இப்போது என் கேள்வி. நீங்கள் தையற்கடை வைத்திருந்தவர். பிற்பாடு பிரித்துக்கொள்ளலாம் என்று எந்தச் சட்டையிலும் இரண்டு அங்குலம் உள்ளே மடித்துத் தைப்பது உங்கள் வழக்கம். உங்கள் தங்கையின் வயதையும் அப்படித்தான் உள்ளே மடித்துத் தைத்தீர்களா? சண்டைக்காகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. நீங்கள் அன்றைக்கு மடித்து வைத்ததைப் பிரித்ததால்தான் இன்று எனக்குக் கண் தெரிகிறது என்பதால், எந்தப் பதில் வந்தாலும் மன்னிப்பு உண்டு.

தங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லோரும் நீண்ட ஆயுளும் நல்ல பார்வையும் பெற்று வாழட்டும். முழங்காலுக்கு அறுபத்து நான்காம் பக்கத்தில் வழி இருக்கிறது, நேரில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையைச் சார்ந்து வாழும்,
தங்கள் மைத்துனன்

பி.கு: அண்ணா, இது நான். சாப்பிட்டுவிட்டு அவர் கண்ணயர்ந்துவிட்டார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் விடாமல் எழுதியிருக்கிறேன், ஆனால் நடந்தது அது இல்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கான வயது அறுபத்தைந்துதான். முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில், தலைப்பாகவே போட்டிருக்கிறது. எழுபது என்பது மருத்துவர் வீட்டுக்கே வந்து பார்ப்பதற்கான வயது. அதுவும் தலைப்பில்தான் இருக்கிறது, அவர்தான் தலைப்புப் படிக்க மாட்டாரே. மூன்றாம் ஜன்னல் அம்மா அன்றைக்கு "அப்படின்னா நீங்களே சேர்ந்துக்கலாம்"னு சொல்ல வந்தாள், இவர் விட்டால்தானே. பச்சைப் படிவத்தில் நாலு வருஷமாகவே தகுதி உள்ளவராக, தன் சொந்தப் பேரில்தான் சேர்ந்திருக்கிறார். எனக்கும் அது முன்னாலேயே தெரிந்திருந்தால் என் வயதைச் சொல்லியிருக்கவே மாட்டேன். வீணாகச் சொல்லிவிட்டோமே என்று ஜன்னல் பக்கத்தில் நின்றபோது ஒரு நிமிஷம் வருத்தமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, சார்ந்து வாழ்பவர் படிவத்துக்காகப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். வெள்ளைப் படிவம் ஒன்று சும்மா கேட்டு வாங்கிக் கொடுத்தேன். அதை அலுவலகத்தில் கொடுக்கவே இல்லை. இரும்புப் பெட்டியில் சான்றிதழோடு வைத்திருக்கிறேன். நாற்பத்து நான்கு வருஷத்தில் அவர் எனக்கு எழுதிய ஒரே கடிதம் அது. முதல் பக்கத்தைப் பற்றி நீங்கள் மூச்சு விட வேண்டாம். படிக்க அனுமதி கிடைத்ததும் பதினெட்டிலிருந்து தொடரப் போகிறாராம்.