கிரகங்கள் மூச்சு வாங்கும் நேரம்

சனிக்கிழமை ஸ்ரீவைகுண்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆற்றங்கரையோரம் ஒன்பது கோயில்களுக்கும் போய் ஒன்பது கிரகங்களையும் கும்பிட்டு வருவது. முழுப் பகல் ஆகும், கால் வலிக்கும். இன்னொன்று, ஒளிச்சித்தர் மண்டபம். அங்கே ஒன்பது கிரகங்களும் ஒரே பலகையில், மின்விசிறிக் காற்றில், டோக்கன் முறையில். கூட்டம் எங்கே போனது என்று கேட்கவும் வேண்டுமா?

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு சித்தருக்கு மகாராஜன் என்று பெயர். செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தார். பிறகு இமயமலைக்குப் போய் வந்ததாகச் சொல்கிறார். போனது திருப்பூருக்கு என்று அவருடைய சித்தப்பா சொல்கிறார். குடும்ப விஷயம், நாம் தலையிட வேண்டாம்.

பலகையில் வட்டமாக ஒன்பது சின்ன விளக்குகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு கிரகத்தின் படம். எதிரே உட்கார்ந்து பெயரைச் சொன்னதும் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து ஓடும். எதில் நிற்கிறதோ அந்தக் கிரகம் ஆளைப் பிடித்திருக்கிறது. பெரும்பாலும் சனியில் நிற்கும். காரில் வந்தவர்களுக்கு மட்டும் ராகுவில் நிற்கும். ராகு பரிகாரத்துக்குத் தட்சிணை அதிகம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு கணம் எல்லா விளக்குகளும் அணைந்திருக்கும். "அது கிரகங்க மூச்சு வாங்குத நேரம்" என்று சித்தர் விளக்கியிருந்தார். கிரகங்களுக்கும் மூச்சிரைக்கும் என்று அறிந்த கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

வாழைத்தோட்டத்தில் கூலி வேலை செய்யும் செல்லக்கிளிக்கு மார்பில் ஒரு கட்டி. திங்கட்கிழமை ஆபரேஷன் என்று பெரியாஸ்பத்திரியில் நாள் குறித்திருந்தார்கள். தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டரம்மா இரண்டு முறை சொல்லியிருந்தார். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று புருஷன் பிச்சைக்கண்ணு அந்தச் சனிக்கிழமை அவளை மண்டபத்துக்கு அழைத்துவந்தான். விளக்கு சனியில் நின்றது.

"நாப்பத்தெட்டு நாளைக்கு ஒடம்புல கத்தி படப்பிடாது" என்றார் சித்தர்.

பரிகாரத் தகடு வாங்கப் பிச்சைக்கண்ணு வரிசையில் நின்றான். செல்லக்கிளி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த தெருவில் இருந்த சுடலைவடிவின் கடைக்குப் போனாள். கோயில் கொடை விழாக்களுக்கு சீரியல் லைட் செய்து வாடகைக்கு விடுகிறவள் சுடலைவடிவு; மண்டபத்துக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. எல்லாவற்றையும் கேட்டவள், கடைசியில் கையிலிருந்த ஈயம் பற்றவைக்கும் கம்பியைக் கீழே வைத்தாள்.

"சுத்து முடியும்போது எல்லா லைட்டும் அணையுதா?"

"ஆமாக்கா. கிரகம் மூச்சு வாங்குதாம்."

"அது மூச்சும் இல்ல, இருமலும் இல்ல. நான் விட்ட கொறை."

கோயில் அலங்காரத்துக்கு என்று மகாராஜன் கேட்டு, அவள் செய்துகொடுத்த பெட்டிதான் அந்தப் பலகை விளக்குகளை ஓட்டியது. உள்ளே ஒரு சின்ன மின்னணுச் சில்லு டிக் டிக்கென்று தட்டிக்கொண்டே இருக்கும். இன்னொரு சில்லு அதை எண்ணி, ஒவ்வொரு தட்டுக்கும் அடுத்த விளக்கை எரியவைக்கும். எண்ணுகிற சில்லு பத்து வரை எண்ணும். ஒன்பதோடு திரும்ப வேண்டுமானால் அதன் பத்தாவது முனையிலிருந்து ஒரு கம்பி கொடுத்து, முதலிலிருந்து எண்ணச் சொல்ல வேண்டும். மகாராஜனின் அவசரத்தில் அந்தக் கம்பி விட்டுப்போயிற்று; பத்தாவது தட்டுக்கு விளக்கு இல்லாததால் எல்லாம் அணைந்து நிற்கும். திருத்தித் தருவதாக இரண்டு முறை சொல்லியனுப்பியும் அவர் வரவில்லை. ஓட்டத்தை நிறுத்த, காலால் அமுக்கும் சுவிட்சு ஒன்றும் கேட்டு வாங்கியிருந்தார். சாமி அலங்காரத்துக்குக் காலில் எதற்குச் சுவிட்சு என்று அன்றைக்கே கேட்காமல் போனோமே என்று அவளுக்கு உறுத்தியது.

"வா" என்று செல்லக்கிளியின் கையைப் பிடித்தாள். தெருமுனைப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மண்டபத்துக்குள் நுழைந்தாள்.

"சாமி, வெளக்க நிப்பாட்டுதது நீங்களா, கிரகமா?"

சித்தர் கனிவாகச் சிரித்தார். "நான் யாரு தாயி? எல்லாம் கிரகந்தான்."

"அப்ப நீங்க கண்ணக் கட்டிக்கிட்டாலும் சரியா நிக்கும்லா?"

சித்தர் வாய் திறப்பதற்குள் கூட்டம் முந்திக்கொண்டது. "ஏன் நிக்காது? சாமி, கட்டிக் காட்டுங்க." பக்தர்களின் நம்பிக்கையிலிருந்து தப்பிக்க எந்தச் சித்தராலும் முடியாது. பிச்சைக்கண்ணுவே தோள்துண்டை எடுத்துப் பயபக்தியோடு இறுக்கிக் கட்டினான். சுடலைவடிவு பெட்டியின் ஓரத்திலிருந்த திருகைப் பைய ஒரு சுற்றுச் சுற்றினாள். ஓட்டத்தின் வேகம் மாறியது. மனசுக்குள் எண்ணிச் சமாளிக்கலாம் என்றிருந்தவருக்குக் கணக்கு போயிற்று.

செல்லக்கிளி பெயரைச் சொன்னாள். விளக்கு ஓடி வியாழனில் நின்றது.

"முன்ன சனின்னீங்களே சாமி" என்றான் பிச்சைக்கண்ணு.

"கிரகம் பெயர்ந்திருக்கும்."

"நான் வரிசையில நின்னு முடிக்கதுக்குள்ளயா?"

மறுபடியும் ஓடியது. புதன். யாரோ சிரித்தார்கள்.

மூன்றாவது முறை ஓடி நின்றபோது ஒரு விளக்கும் எரியவில்லை. கூட்டம் பலகையை எட்டிப் பார்த்தது. சித்தர் மட்டும் துண்டுக்குப் பின்னாலிருந்து கம்பீரமாகச் சொன்னார்: "பாத்தீங்களா, சனி."

"வெளக்கே எரியல சாமி."

"கரண்டு போயிருக்கும்."

"மேல ஃபேன் ஓடுதே."

சுடலைவடிவு ஆசனத்தின் பட்டுத்துணியைத் தூக்கினாள். சித்தரின் வலது கால் சுவிட்சின் மேல் இருந்தது. "கால எடும் வே" என்றாள். அவர் பதறி எடுத்தார். விளக்குகள் குடுகுடுவென்று ஓடின. அவள் கையால் அமுக்கினாள்; நின்றன. விட்டாள், ஓடின. அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

"இத செஞ்சது நாந்தான். பத்துல ஒரு எடம் காலி. லைட்டு அங்கன போயி நின்னுட்டு" என்றாள் கூட்டத்திடம்.

செல்லக்கிளி அவள் முந்தானையைப் பிடித்தாள். "அப்ப எம்மேல ஒண்ணும் இல்லியாக்கா?"

"கட்டி இருக்குல்லா. திங்கக்கெழம அத எடுத்துருவாவ. நானும் தொணைக்கு வாரேன்."

பிச்சைக்கண்ணு சித்தரின் கண்ணிலிருந்து துண்டை அவிழ்த்து, நன்றாக உதறித் தோளில் போட்டுக்கொண்டான். திங்கட்கிழமை காலை, முதல் பஸ்ஸிலேயே மூவரும் போனார்கள். காப்பிக் குடுவை சுடலைவடிவின் மடியில் இருந்தது. கட்டியை எடுத்தாயிற்று, செல்லக்கிளி தேறி வருகிறாள்.

அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் பாதிப் பேர் கோயில்களுக்குப் போனார்கள். மீதிப் பேர், இதைவிடச் சரியான சித்தர் பக்கத்து ஊரில் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொண்டு நின்றார்கள்.

கும்பிடும்போது கண்ணை மூடிக்கொள்வது நல்ல பழக்கம். எழுந்திருக்கும்போது அதைத் திறக்கவும் பழகிக்கொண்டால் சாமிக்குக் கொஞ்சம் வேலை குறையும்.