மூஞ்சி தெரிய வேண்டும்

"இதுல உங்க மூஞ்சி எங்க இருக்கு?"

"கால் தெரியுதுல்ல? என் கால்தான் அது."

"காலுக்கா விசா குடுப்பான்?"

எங்கள் தெரு பிளம்பர் வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் இப்படி ஒரு சத்தம் வந்தால் யார்தான் ஜன்னலைச் சாத்துவார்கள்? தெருவே கேட்டது. பிளம்பர் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். திறமைக்குச் சான்றாக, வேலை செய்யும்போது எடுத்த படங்கள் வேண்டுமாம். முகம், கை, குழாய் மூன்றும் ஒன்றாகத் தெரிய வேண்டுமாம். வருஷக்கணக்கில் அடுத்தவர் வீட்டு சிங்க்குக்கு அடியில் படுத்துக் கிடந்த மனுஷனுக்கு ஏது முகம்? இருந்த படமெல்லாம் இடுப்புக்குக் கீழேதான்.

மனைவி சொந்தச் சமையலறை சிங்க்கையே கழற்றச் சொல்லிப் படம் எடுத்தாள். சொந்த வீட்டு வேலை செல்லாது, வாடிக்கையாளர் வீடுதான், அதுவும் மூன்று வேண்டும் என்று விசா ஏஜென்ட் கையை விரித்துவிட்டார். அவர்கள் வீட்டில் பாத்திரம் கழுவ இடமில்லாமல் போனதுதான் மிச்சம்.

மாடி வீட்டுத் தையல்கார அக்காவிடம் போனார்கள். அங்கே எதுவும் ஒழுகவில்லை. அதுதான் தொல்லை.

"ஒரே நிமிஷம், கழட்டிட்டு மாட்டிடறேன்க்கா."

படம் பிரமாதமாக வந்தது. ஆனால் பழைய குழாயின் மரை ஒருமுறை கழன்றால், பிறகு சொன்ன பேச்சைக் கேட்குமா? எவ்வளவு டேப் சுற்றியும் சொட்டியது. சாயங்காலத்துக்குள் கீழ்வீட்டு வங்கிக் குமாஸ்தாவின் கட்டில் மேல் தூறல்.

அதைச் சரிசெய்யப் போன பிளம்பருக்குப் பின்னால் மனைவியும் போனும். வந்ததுதான் வந்தோம் என்று குமாஸ்தா வீட்டிலும் ஒரு குழாயைக் கழற்றி, திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அதுவும் ஒழுகியது. விஷயம் பரவுவதற்குள் எதிர்வீட்டு டீச்சரின் குளியலறையில் குழாய் கையோடு வந்துவிட்டது. பீச்சியடிக்கும் தண்ணீரை ஒரு கையால் பொத்திக்கொண்டு, தொப்பலாக நனைந்து சிரிக்கிறாரே, அந்தப் படத்தைத்தான் ஏஜென்ட் மெச்சினார்.

அத்தோடு விட்டார்களா? வாடிக்கையாளர்களிடம் போனில் விசாரிப்போம் என்று வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. பிளம்பருக்குச் சோறு இறங்கவில்லை. கட்டிலைச் சுற்றி வாளி வைத்திருப்பவர்கள் நல்ல வார்த்தை சொல்லுவார்களா? ஒருத்தர் முகம் சுளித்தாலும் விசா போச்சு.

சொன்னார்களே! தங்கமான கை என்றாளாம் தையல்கார அக்கா. இப்படி ஒரு தொழில்காரரைக் கண்டதே இல்லை என்றாராம் குமாஸ்தா. டீச்சர் ஒருபடி மேலே போய், இவரையெல்லாம் இங்கே வைத்திருப்பதே தப்பு, சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றாளாம்.

விசா வந்தது. பெட்டிகளை வண்டியில் ஏற்றத் தெருவே வந்து நின்றது.

"இத்தனை பாசத்தை இவ்வளவு நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று பிளம்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அங்கே நன்றாகத்தான் இருக்கிறார்கள். புதுக் குழாய்கள், புது மரைகள், கம்பெனி வேன். மனைவிக்குக்கூட உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் ஆகிவிட்டது. குமாஸ்தா மாற்றலாகிப் போனார். தையல்கார அக்காவின் பெண்ணுக்கு அதே நாட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல பையன், நல்ல உத்தியோகம், ஆத்திர அவசரத்துக்கு நம் பிளம்பர் குடும்பம் வேறு பக்கத்துத் தெருவில். அக்காவோ ஒரே போடாக வேண்டாம் என்றுவிட்டு, உள்ளூர்க் கண்டக்டருக்குப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தாள். ஏனம்மா என்று கல்யாணத் தரகர் தலையைச் சொறிந்தார்.

"அந்த மனுஷன் இங்கிருந்து போய்த் தொலையட்டும்னு போன்ல அவ்வளவு பொய் சொன்னவ நான். தெரிஞ்சே என் பொண்ணையும் அங்கயே அனுப்புவேனா?"