மல்வேர்னிலையிருந்து தோக்கடிச்ச லண்டன் எம்.பி.

ரொறன்ரோவிலை, மல்வேர்னிலை இருந்துகொண்டு லண்டன் எம்.பி. ஒருத்தரைத் தோக்கடிச்ச மனிசன் உலகத்திலை ஒரே ஒருத்தர்தான். அவர் எங்கட பேஸ்மென்றிலை வாடகைக்கு இருந்தவர். சொந்தப் பேர் ஒண்டு இருந்தது. தபால்காரனைத் தவிர வேறை ஆரும் அதைப் பாவிச்சதாய் எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் அவர் பார்லிமென்ற் அண்ணை.

தொண்ணூற்றேழிலை லண்டனிலை எலெக்சன் வரப்போகுது எண்டு செய்தி வந்த நாளிலையிருந்து எங்கட வீட்டிலை நிம்மதி இல்லை. கனடாவிலை இருக்கிற எங்களுக்கு லண்டன் எலெக்சன் என்னத்துக்கு எண்டு நீங்கள் கேப்பியள். நானும் கேட்டனான். கேட்டிருக்கக் கூடாது.

"தங்கச்சி, நீர் அங்கை இருந்து பாக்கேல்லை. நான் இருந்தனான். உந்த அரசியல்வாதியள் இருக்கினமே..." எண்டு தொடங்கினார். அவர் முடிக்கேக்கை அடுப்பிலை இருந்த கத்தரிக்காய் கரியாய்ப் போச்சு. அந்தச் சட்டியைப் பிறகு நான் எறிஞ்சுபோட்டன்.

ஆள் நல்ல உயரம். எங்கட பேஸ்மென்ற் கூரையோ நல்லாப் பதிஞ்சது, அதுக்குள்ளை ஹீற்றர் பைப் வேறை நடுவாலை போகுது. அவர் இருந்துகொண்டு ரேடியோவை ஏசினால் பிரச்சினை இல்லை. உண்மையான கோவம் வந்தால் எழும்பித்தான் ஏசுவார். 'ணங்' எண்டு ஒரு சத்தம் கேக்கும். மேலை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கிற என்ர மனிசன், "வரிக்கு வந்திட்டார்" எண்டுவார். இன்னொரு 'ணங்' கேக்கும். "இது விசாச் சட்டம்" எண்டுவார். எங்களுக்கு நியூஸ் பாக்கிற தேவையே இருக்கேல்லை.

அவற்ர கோவத்துக்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்லாட்டில் உங்களுக்கு அவர் ஒரு விசரனாய்த்தான் தெரிவார். கலியாணம் முடிஞ்ச கையோடை லண்டனுக்கு ஓடிப்போனவர். மனிசி தவமணி அக்கா கொழும்பிலை, ஒரு லொட்ஜ் அறையிலை. அவவைக் கூப்பிட வழி தேடி அண்ணை தன்ர ஏரியா எம்.பி.யிட்டைப் போவாராம். சனிக்கிழமையளிலை எம்.பி. சனத்தைச் சந்திக்கிறவர். எழும்பிக் கை குடுப்பார், எல்லாத்தையும் தலையாட்டிக் கேப்பார், கடைசியிலை "என்னட்டை விடுங்கோ" எண்டுவார். அண்ணையும் நம்பி வீட்டை வருவார். அடுத்த மாசமும் போவார், அடுத்த மாசமும் அதே பதில்தான். வருசங்கள் போச்சுது, அக்கா வரேல்லை. வெறுத்துப்போய்க் கனடாவுக்கு வந்து இங்கையிருந்து ஸ்பொன்சர் பண்ணினார். அந்தக் கேசும் ஆமை மாதிரித்தான். கொழும்பிலை குண்டு வெடிச்சதெண்டு ரேடியோவிலை சொன்னால், அக்காவின்ர குரலைப் போனிலை கேக்குமட்டும் அண்ணை பச்சைத்தண்ணி குடிக்கமாட்டார்.

ஆனபடியால் அந்த எம்.பி.க்கு எங்கட வீட்டிலை வைச்ச பேர் 'என்னட்டை விடுங்கோ'. அவர் தோக்கவேணும். அதுதான் அண்ணையின்ர ஒரே நேர்த்தி.

லண்டனிலை அவருக்கு இப்ப வோட் இல்லை. அதுக்காகச் சும்மா இருப்பாரே. ரெலிபோன் காட் வாங்கிக்கொண்டு மேலை வருவார். எங்கட குசினிப் போனை எப்பவும் ஸ்பீக்கரிலை போட்டுத்தான் கதைப்பார், ரெண்டு கையும் ஆட்டவேணுமெல்லோ. அந்தத் தொகுதியிலை தெரிஞ்ச சனம், தெரிஞ்ச சனத்துக்குத் தெரிஞ்ச சனம், ஒருத்தரையும் விடேல்லை.

அங்கத்தைச் சனமோ வெறுத்துப்போய் இருந்தது. "அண்ணை, ஆர் வந்தாலும் உதுதான். ஒருத்தன் வரியைக் கூட்டுறன் எண்டு சொல்லிக் கூட்டுவான். மற்றவன் கூட்டமாட்டன் எண்டு சொல்லிப்போட்டுக் கூட்டுவான். நான் அண்டைக்கு நித்திரை கொள்ளப்போறன்" எண்டான் ஒரு பெற்றோல் ஷெட் பெடியன்.

"நித்திரை பிறகும் கொள்ளலாம் தம்பி. போய் வோட்டுச் சீட்டிலை ஒரு புள்ளடியைப் போட்டிட்டு வந்து படு."

"ஆருக்கண்ணை போட?"

"ஆருக்கெண்டாலும் போடு. உவருக்கு மட்டும் போடாதை."

ஒரு அன்ரி, இவர் பேசத் தொடங்க, போனைப் பிரிட்ஜுக்கு மேலை வைச்சிட்டுச் சமைக்கப் போயிட்டா. அங்கை கடுகு வெடிக்கிறது இங்கை எங்களுக்குக் கேக்குது. அண்ணை அதைக் கைதட்டல் எண்டு நினைச்சாரோ என்னவோ, இன்னும் உசாராய்ப் பேசினார். அந்தப் பேச்சு முழுக்கக் கேட்டது லண்டனிலை இருந்த ஒரு பிரிட்ஜ்தான்.

அண்ணை வேலைக்குப் போற பஸ்ஸிலையும் இதே கதைதான். பக்கத்துச் சீற்றிலை இருந்த ஜமேக்கா அம்மா "எல்லாரும் ஒண்டுதான் மகனே" எண்டு தன்ர நாட்டு ஆக்களை ஏசத் தொடங்க, பின்னாலை இருந்த பிலிப்பீன்காரர் தன்ர நாட்டு ஆக்களைத் தொடங்க, பஸ் ஃபக்ரறியடிக்குப் போய்ச் சேரேக்கை அந்தப் பஸ்ஸுக்குள்ளை மரியாதை மிஞ்சின அரசியல்வாதி ஒருத்தரும் இல்லை. டிரைவரும் சேர்ந்து ஏசினதிலை ஒரு ஸ்டொப்பிலை நிப்பாட்ட மறந்துபோனாராம்.

எலெக்சன் நாள் வந்தது. லண்டன் ரிசல்ற் எங்களுக்கு இராச்சாப்பாட்டு நேரத்துக்கு வரும். நான் ஆட்டிறைச்சிக் கறி வைச்சு, புட்டும் அவிச்சன். அண்ணை எங்கட ஹோலிலை, ரீவிக்கு முன்னாலை, சப்பாத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். ஏனெண்டு கேட்டதுக்கு, "நாங்கள் வெண்டால் வெளியிலை போய் ஒரு சத்தம் போடவேணும்" எண்டார்.

'என்னட்டை விடுங்கோ' தோத்துப்போனார். அந்த வருசம் அங்கை கனபேர் தோத்தவை, இதிலை அண்ணைக்கு என்ன பங்கு எண்டு புத்திசாலியள் கேப்பினம். கேக்கட்டும், எங்களுக்குத் தெரியும்.

ரீவியிலை அவரைக் கொஞ்ச நேரம் காட்டினாங்கள். வெண்டவர் மேடையிலை பேசிக்கொண்டிருக்க, இவர் ஒரு கரையிலை தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டார். பக்கத்திலை அவற்ர பெண்சாதி கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. நாங்கள் அண்ணையின்ர சத்தத்துக்குக் காத்திருந்தம்.

"மனிசி பக்கத்திலை நிக்கிறா" எண்டார், மெல்லமாய்.

பிறகு சப்பாத்தைக் கழட்டி வாசலிலை வைச்சிட்டு வந்து மேசையிலை இருந்தார். நான் கறியை எடுக்க, கையாலை மறிச்சார். "இண்டைக்கு எனக்கு மச்சம் மாமிசம் ஒண்டும் வேண்டாம் தங்கச்சி. பருப்பு இருந்தால் போடும்."

எனக்கு வந்த கோவத்துக்கு அந்தக் கறியைத் தலையிலை ஊத்தியிருப்பன். ஆர் செத்ததெண்டு இந்த மனிசன் மரக்கறி சாப்பிடுது?

அடுத்த நாள் காலமை குளிச்சு, வெள்ளைச் சேட்டும் போட்டுக்கொண்டு மேலை வந்தார். எம்.பி.யிட்டைத் துக்கம் விசாரிக்கப் போறாராம். போனிலை துக்கம் விசாரிக்க வெள்ளைச் சேட்டுப் போட்ட ஆளை நான் அண்டைக்குத்தான் கண்டன்.

"தோக்கடிச்சதே நீங்கள்தானே அண்ணை" எண்டார் என்ர மனிசன்.

"அது வேறை, இது வேறை. ஒரு வீட்டிலை இழவு விழுந்தால் கோவதாபம் பாக்கிறதே?"

எம்.பி.யின்ர ஒஃபிஸ் நம்பர் அவருக்குப் பாடம். அடிச்சார். உதவிக்கு இருந்த ஆக்கள் போயிட்டினம் போலை, அந்த மனிசனே எடுத்தார். களைச்ச குரல். அண்ணை தன்ர பேரைச் சொல்லி, ரொறன்ரோவிலையிருந்து கதைக்கிறன் எண்டு சொல்லி, செத்தவீட்டிலை சொல்லுறமாதிரியே இங்கிலீசிலை சொன்னார்: "உங்கட இழப்பைக் கேள்விப்பட்டன் சேர். கவலையாய் இருக்கு."

"நன்றி" எண்டார் எம்.பி.

"ஏதாவது சாப்பிட்டனீங்களோ? சாப்பிடாமல் இருக்கக் கூடாது. வீட்டம்மாவும் சாப்பிட்டவவோ?"

"சாப்பிட்டம்" எண்டார் எம்.பி., பள்ளிக்கூடப் பெடியன் மாதிரி. பிறகு மரியாதைக்கு, "உங்கட குடும்பம் எப்பிடி?" எண்டு கேட்டார்.

"மனிசி இன்னும் வந்து சேரேல்லை சேர். கொழும்பிலைதான். முந்தி சனிக்கிழமையளிலை உங்களட்டை வந்து சொன்னனான்."

"அப்பிடியோ" எண்டார் எம்.பி. "என்னட்டை விடுங்கோ."

வாய்ப்பழக்கம், வந்திட்டுது. என்ர மனிசன் போனை நிப்பாட்டக் கையை நீட்டினார். அதுக்குள்ளை மற்றப் பக்கம் அந்த மனிசன் மெல்லச் சிரிக்கத் தொடங்கினார். அண்ணையும் சிரிச்சார். ரெண்டு பேரும் ரெண்டு கண்டத்திலை இருந்துகொண்டு, காட் காசு கரையக் கரையச் சிரிச்சினம்.

"மன்னிக்கவேணும்" எண்டார் எம்.பி., சிரிப்பு அடங்கினாப்போலை. "என்னாலை ஏலாதெண்டு அப்பவே சொல்லியிருக்கவேணும்."

"சொல்லியிருந்தால் நான் உங்களுக்கெல்லோ வோட்டுக்கு ஆள் பிடிச்சிருப்பன் சேர்" எண்டார் அண்ணை. அவருக்கு அது விளங்கியிராது.

அந்த வருசம் பனி கொட்டத் தொடங்கமுந்தி தவமணி அக்காவுக்கு விசா கிடைச்சுது. எந்த எம்.பி.யும் செய்யேல்லை, அது தன்பாட்டிலை வந்தது. எயார்போட்டுக்கு நாங்கள்தான் கூட்டிக்கொண்டு போனம். நானூற்றொண்டு ஹைவேயிலை ஏறினதிலையிருந்து இறங்குமட்டும் அண்ணை வாய் மூடேல்லை. கனடா, லண்டன், இலங்கை, மூண்டு அரசாங்கத்தையும் கிழிச்சுத் தொங்கப்போட்டார்.

அக்கா ட்ரொலியைத் தள்ளிக்கொண்டு வெளியிலை வந்தா. மெல்லிசான ஆள், முன்மயிர் நரைச்சிருந்தது. அண்ணை ஒரு அடி எடுத்து வைச்சார், நிண்டார். வாயைத் திறந்தார், ஒண்டும் வரேல்லை. அவவின்ர தோளிலை கிடந்த பையை வாங்கித் தன்ர தோளிலை போட்டுக்கொண்டு, கண்ணாலை தண்ணி ஓட அப்பிடியே நிண்டார்.

அக்கா அவரைப் பாத்துக்கொண்டே நிண்டு, பிறகு என்ர கையைப் பிடிச்சா. "இவர் அப்பவும் இப்பிடித்தான் தங்கச்சி. வாயில்லாத மனிசன். தனிய விட்டிட்டு இருக்கிறனே, தனக்கொரு தேவையெண்டாலும் ஆரிட்டையும் வாய் திறந்து கேப்பாரோ எண்டுதான் இவ்வளவு காலமும் எனக்குக் கவலை."

நான் என்ர மனிசனைப் பாத்தன். அவர் கூரையைப் பாத்தார்.

"ஓமக்கா" எண்டன். "கீழை ஒரு ஆள் இருக்கிறதே எங்களுக்குத் தெரியாது."