துரையின் கடைவாய்ப் பல்லும் காளிராஜின் படையெடுப்பும்

எழுக, ஏழாயிரம்பண்ணையின் இணையற்ற குதிரைவீரனே! மொழிபெயர்ப்பு நாவல்களின் பனிவெளிகளில் பேரரசுகள் பலவற்றைப் படுத்தபடியே கவிழ்த்தவனே, உச்சிவெயிலை ஜன்னல் வழியாக மட்டும் அறிந்தவனே, தீப்பெட்டிக் கம்பெனிக் கணக்குப்பிள்ளையின் ஒரே புதல்வனே, காளிராஜே! உன் புகழைப் பாடத் தொடங்கினோம். கந்தக வாசம் சுமந்த கரிசல் காற்றே, எங்களை இருமவிடாமல் துணைநில்!

அவ்வீரனின் போர்ப்பரிக்குத் துரை என்று பெயர். பெட்டி ஒட்டும் பெண்களின் வாசல்தோறும் மரச்சில்லும் தாளும் இறக்கி, ஒட்டிய பெட்டி மூடைகளை ஏற்றித் திரும்பும் கம்பெனி வண்டியை வாலிபம் முழுவதும் இழுத்து, லாரி வந்த அன்று ஓய்வுபெற்ற கிழக்குதிரை அது. சந்தைக்கு ஓட்டிவிட நினைத்தார்கள். "குதிரைவீரன் குதிரையைக் கைவிடான்!" என்று முழங்கித் தன் கொல்லைக்குக் கொண்டுவந்தான் காளிராஜ். அதுவரை அவன் குதிரையைத் தொட்டதே இல்லை.

ஆனால் விதி, துரையின் கடைவாயில் வாள் தீட்டிக்கொண்டிருந்தது. தேயாத பல்லின் கூர்முனை கன்னத்தைக் கிழிக்க, ஊறிய கொள்ளு, அவித்த கொள்ளு இரண்டையும் அது கண்ணீரோடு துப்பியது. விலா எலும்புகள் கூரைச் சட்டங்களாய்த் தெரிந்தன. வாரம் ஒருமுறை சாவடிக்கு வரும் மாட்டு டாக்டர் அரத்தால் ராவிவிட்டால் பிழைக்கும். இன்று அவர் வரும் நாள். மத்தியான பஸ்ஸில் அவர் சாத்தூர் திரும்பிவிட்டால் அடுத்த வாரம்வரை தாங்காது.

"முன்னேறு, என் போர்த்தோழனே!" என்றான் காளிராஜ்.

போர்த்தோழன் குருவம்மாள் வாசலில் நின்றுவிட்டது.

"வாங்க தம்பி, சில்லு கொண்டாந்தீகளா?" என்றாள் குருவம்மாள், பசைக் கையோடு.

"இல்லை. டாக்டரிடம் போகிறோம்."

"பிறகு எதுக்கு இங்கன நிக்கிறீக?"

அதைத்தான் காளிராஜும் குதிரையிடம் கேட்டுக்கொண்டிருந்தான். பாற்கடலைக் கடைந்தபோது பாம்பின் தலைப்பக்கம் அசுரரும் வால்பக்கம் தேவரும் நின்றார்கள். இக்கயிற்றின் ஒரு முனையில் இவன் மட்டும் நின்று, குதிகால் புழுதியில் புதைய, கழுத்து நரம்பு முறுக்கேற, முன்னோர் அனைவரையும் அழைத்து இழுத்தான். மறுமுனையில் துரை கண்ணை மூடி இளைப்பாறியது. வாசலில் நின்ற வண்டி, மூடை ஏறாமல் கிளம்பிய வழக்கம் அதன் வாழ்நாளில் இல்லை.

"மூடை ஏத்தாம அது கிளம்பாதுல்ல, நியாயந்தானே தம்பி. இந்தாங்க, இதைக் கம்பெனியில போட்டுருங்க" என்று குருவம்மாள் ஒரு சாக்கை நீட்டினாள். முதுகில் எதையும் சுமந்தறியாத துரை அதை உதறியது. ஆகவே சாக்கு வீரனின் தலைக்கு ஏறியது. மூடை ஏறிய திருப்தியில் துரை நடந்தது.

அடுத்து மூக்கம்மாள் வாசல். அங்கேயும் நின்றது. ஆனால் அங்கே மூடை தயாராக இல்லை.

"இன்னும் கொஞ்சம் ஒட்டணுமே. அவசரம்னா நீங்களும் உக்காருங்க" என்றாள் மூக்கம்மாள்.

அந்தோ! கனவில் கோட்டைகளைத் தகர்த்த கரங்கள் தீப்பெட்டி ஒட்டின.

"பசையைக் கொஞ்சமா எடுங்க தம்பி, தோசைக்கா ஊத்துறீக? அம்புட்டும் வீணாப் போகுது."

தொலைவில் பஸ்ஸின் ஊதல், பகைவர் சங்கொலியாய் எழுந்தது. காளிராஜ் துள்ளி எழுந்தான். தலையில் சாக்கு, இரு கைகளிலும் ஈரம் காயாத பெட்டிகள் குவிந்த முறம். பிடிக்க வேறு கை இல்லாததால் குதிரைக் கயிற்றைத் தன் வாயில் கவ்வி, பசை பூசிய மீசையோடு, பெட்டிகளைப் பூமாரியாய் உதிர்த்தபடி அவன் பாய்ந்தோட, மூடைகள் சேர்ந்த நிறைவில் துரை பின்னால் ராஜநடை நடந்தது.

பஸ் படியில் ஒரு காலை வைத்திருந்த டாக்டர், சுமை சுமந்து கயிறு கடித்து நின்றவனையும், கடைவாயில் எச்சில் வடிய வெறும் முதுகோடு நின்ற குதிரையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ரெண்டுல யாருக்குய்யா பல்லு?"

வாயைத் திறந்தால் கயிறு நழுவும். காளிராஜ் கண்ணால் பின்னே காட்டினான். டாக்டர் சிரித்தார், காலைக் கீழே எடுத்துவைத்தார், பஸ் அவரில்லாமல் போயிற்று.

பின்னர் நிகழ்ந்ததை எச்சொல்லால் இயம்புவோம்! அரமேந்திய அண்ணல் கைவீச்சில் கடைவாய்க் கொத்தளங்கள் பொடிப்பொடியாய்ச் சரிய, நாற்றிசையும் கிறீச்சென்று கூச, ஊரே காதைப் பொத்தி நிற்க, வீரன் தன் பரியின் தாடையைத் தாங்கி விம்மி நின்றான்.

சாயங்காலம் துரை ஒரு படி கொள்ளுத் தின்றது.